பழைய படத்துக்குப் புதுச் சாயம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய படங்களை டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடியும் வெளியிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஃபிலிம் சீரமைப்பில் பழக்கமுள்ளவர்கள் தரும் பதில்கள்.

கேள்வி: பழைய படத்தை இன்றைக்கு எடுத்தது போல மாற்றுவது சரியா, தவறா? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

பதில்: படம் வெளியான அன்று திரையில் இல்லாத எதையும் நீக்கலாம். அன்று இருந்த எதையும் தொடக் கூடாது. தூசி, கீறல், வெளிறிய நிறம், பிரேம் ஆட்டம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு. கறுப்பு வெள்ளை, கிரெயின் (ஃபிலிமில் படத்தை உருவாக்கும் நுண்துகள்), சதுரத்துக்கு நெருங்கிய சட்டகம், நிதானமான எடிட்டிங் எல்லாம் எடுத்தவர்களின் தீர்மானம். எது அழுக்கு, எது தீர்மானம் என்று பிரிப்பதில்தான் பாடு. மீதிக் கேள்விகளில் பாதி அதைச் சுற்றியே வந்திருக்கிறது.

கேள்வி: சீரமைப்பு, ரீமாஸ்டர், 4கே என்று போஸ்டரில் போடுகிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. சீரமைப்பு என்றால், இருப்பதிலேயே நல்ல மூலத்தைத் தேடிப் பிடித்து, கழுவி, ஸ்கேன் செய்து, சேதத்தை பிரேம் பிரேமாகச் சரிசெய்து, விடுபட்ட ஃபிலிம் பகுதிகளை வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்ப்பது. ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கையிலிருக்கும் மாஸ்டர் பிரதியிலிருந்து புதிய வெளியீட்டுக்கு ஏற்ற பிரதி தயாரிப்பது. அதில் சேதம் சரிசெய்யப்பட்டிருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. 4கே என்பதோ வெறும் எண்ணிக்கை. படத்தின் அகலத்தில் சுமார் 4,000 புள்ளிகள் இருக்கின்றன என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. டிவிக்காக எடுத்த பழைய வீடியோ நாடாவைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கினாலும் 4கே என்று போட்டுக்கொள்ளலாம், பொய்யாகாது. எனவே “எத்தனை கே” என்று கேட்பதைவிட, “எதிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள், ஒரிஜினல் நெகட்டிவா, தியேட்டர் பிரிண்டா, நாடாவா” என்று கேளுங்கள். பெருமைப்படும்படி வேலை நடந்திருந்தால் பதில் உடனே வரும்.

கேள்வி: கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் கோடும் புள்ளியும் போய்விடாதா? இதற்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் 14,850 அடி, 2,37,600 பிரேம். முழுச் சட்டகத்தை 4கே-யில், 10 பிட் நிறத் துல்லியத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு பிரேம் சுமார் 51 எம்.பி. மொத்தம் 12 டெராபைட்டைத் தொடும். இது வேலை தொடங்கும் முன் இருக்கும் கச்சாப் பொருள் மட்டும்.

ஸ்கேனருக்குப் போகும் முன்பே ரீலை மேசையில் கையால் சுற்றிப் பார்த்தாக வேண்டும். பழைய ஒட்டுகள் பிரிந்திருக்கும், ஓரத் துளைகள் கிழிந்திருக்கும், ஃபிலிம் சுருங்கியிருக்கும். சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் பற்சக்கரத்தில் ஓடும் இயந்திரத்தில் ஏற்றவே கூடாது. பல்லும் துளையும் பொருந்தாமல் ஃபிலிம் கிழியும். பற்சக்கரம் இல்லாமல் உருளைகளால் இழுத்து, துளையின் இடத்தை கேமராவால் கண்டுகொள்ளும் ஸ்கேனர்தான் அதற்கு வேண்டும்.

அடுத்தது கீறல். ஃபிலிமுக்கு இரண்டு பக்கம். பளபளப்பான அடித்தளப் பக்கத்தில் விழுந்த கீறல் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கோடாகத் தெரிகிறது. அடித்தளத்துக்குச் சமமான ஒளிவிலகல் கொண்ட திரவத்தில், பெரும்பாலும் பெர்குளோரோஎத்திலீனில், ஃபிலிம் நனைந்தபடி ஸ்கேன் ஆனால் திரவம் கீறலை நிரப்பிவிடும், கோடு மறைந்துவிடும். வெட் கேட் என்று இதற்குப் பெயர். (நச்சுத் திரவம் என்பதால் மூடிய அறையும் காற்றை வெளியே உறிஞ்சும் அமைப்பும் கட்டாயம்.) ஆனால் படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கத்தில் கீறல் விழுந்திருந்தால் அங்கே படமே வழித்துக்கொண்டு போயிருக்கும். நிரப்பத் திரவம் உதவாது. பக்கத்து பிரேமிலிருந்து கடன் வாங்கித்தான் வரைய வேண்டும்.

வண்ண ஃபிலிமில் இன்னொரு வசதி உண்டு. அதன் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கும். ஆகவே அகச்சிவப்பில் கூடுதலாக ஒரு முறை ஸ்கேன் செய்தால் தூசியின் வரைபடம் தனியாகக் கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பையும் தடுப்பதால் இந்த வித்தை அங்கே பலிக்காது.

இப்போது உங்கள் பட்டனுக்கு வருவோம். தானியங்கித் தூசி நீக்கி ஒரே ஒரு தர்க்கத்தில் ஓடுகிறது: முந்தைய பிரேமிலும் இல்லை, அடுத்த பிரேமிலும் இல்லை, இதில் மட்டும் இருக்கிறது என்றால் அது தூசி. மழைத்துளியும் அப்படித்தான். பட்டறையில் தெறிக்கும் தீப்பொறியும், பறக்கும் அம்பும், உடையில் மின்னி மறையும் ஜிகினாவும் அப்படித்தான். கட்டுப்பாடில்லாமல் ஓடவிட்டால் மழைக்காட்சியில் மழை நின்றுவிடும், வேகமாக மீட்டும் விரல்களில் ஒன்றிரண்டு காணாமல் போகும். அதே காரணத்தால் ஒவ்வொரு ஷாட்டின் முதல் பிரேமிலும் கடைசி பிரேமிலும் தூசி தங்கிவிடும், ஏனென்றால் ஒப்பிட ஒரு பக்கம்தான் இருக்கிறது. எனவே படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தூசி நீக்கியின் வேகத்தைத் தனியாக வைத்து, முடிவை மனிதக் கண்ணால் சரிபார்க்கிறார்கள். மாதங்கள் கரைவது அங்கேதான்.

கேள்வி: படம் முழுக்கப் புள்ளி கொதிப்பது போலத் தெரிகிறதே, அதையும் துடைத்துவிட்டால் என்ன?

பதில்: அதுதான் கிரெயின். படத்தின் மேல் படிந்த தூசி அல்ல, படமே அதுதான். ஒவ்வொரு பிரேமிலும் துகள்கள் வேறு வேறு இடத்தில் விழுகின்றன. நொடிக்கு 24 பிரேம் மாறும்போது கண் அவற்றைச் சேர்த்து, தனிப் பிரேமில் இல்லாத நுணுக்கத்தையும் உணர்கிறது. கிரெயினைத் துடைக்கும் மென்பொருளுக்குத் துகளும் தோலின் துவாரமும் வேறல்ல. இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். முகம் மெழுகு பொம்மையாகும், துணியின் நெசவு காணாமல் போகும், நகரும் கைக்குப் பின்னால் ஆவி போல நிழல் இழுபடும். ‘பிரிடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூ-ரே இதற்கு ரசிகர்கள் இன்றும் காட்டும் உதாரணம்.

இதில் காசுக் கணக்கும் உண்டு. கிரெயின் ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டே இருப்பதால் சுருக்குவது கடினம், டேட்டா அதிகம் தின்னும். ஸ்ட்ரீமிங்கில் கிரெயின் குறைவாக இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையில் கிரெயினை எடுத்துவிட்டுப் படத்தை அனுப்பி, உங்கள் கருவியிலேயே செயற்கைக் கிரெயினைத் தூவும் வசதியும் வந்துவிட்டது.

வீட்டிலேயே சோதிக்கலாம். முகம் பெரிதாகத் தெரியும் ஷாட்டில் நிறுத்துங்கள். கன்னத்தையும் தலைமுடியின் ஓரத்தையும் பாருங்கள். கன்னம் பீங்கான் போல வழவழவென்று, முடி மட்டும் கூர்மையாக வெட்டி ஒட்டியது போல இருந்தால், துடைத்துவிட்டு மேலே கூர்மை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசினால் இளைஞர்களும் பார்ப்பார்களே?

பதில்: சிலர் பார்ப்பார்கள், உண்மைதான். 1960-ல் வந்த ‘முகலே ஆஸம்’ 2004-ல் முழுக்க வண்ணமாக வெளியானது. அதில் சில பகுதிகள் முதலிலேயே வண்ணத்தில் எடுக்கப்பட்டவை, ஆகவே ஒத்துப்பார்க்க ஒரு மாதிரியாவது இருந்தது. பெரும்பாலான படங்களுக்கு அதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அடர் சிவப்பும் அடர் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகப் பதியலாம். எந்தச் சாம்பல் எந்த நிறம் என்ற தகவல் நெகட்டிவில் எங்குமே இல்லை. எனவே வண்ணம் பூசுவதை மீட்பு என்று சொல்ல முடியாது, அது ஊகம். ஒருவேளை அன்றைய உடையே கிடைத்து அதே நிறத்தைப் பூசினாலும் சரியாக வராது. அந்த உடையைத் தேர்ந்ததே அது எந்தச் சாம்பலாக விழும் என்று பார்த்துத்தான். நேரில் கண்ணைக் குத்தும் நிறமாக இருந்திருக்கலாம். தொடக்க காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தப் படங்களில் உதடு கறுத்தும் வானம் வெளுத்தும் இருக்கும். ஒப்பனையும் அதற்கேற்ப மாறியது.

ஒளிப்பதிவாளரின் வேலையும் இதில் அடிபடும். வண்ணத்தின் துணையில்லாமல் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட, தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு, கன்னத்தில் ஒரு நிழல் என்று அடுக்கியிருப்பார். அதன் மேல் சாயம் ஏறினால் நிழலெல்லாம் பழுப்பாகிச் சேறு போலத் தெரியும். வண்ணத்தில் வெளியிடுவதானால் கறுப்பு வெள்ளைப் பிரதியும் அதே தரத்தில், அதே இடத்தில் கிடைக்க வேண்டும். வண்ணப் பிரதி ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கும் என்றால், நம் பதில் ‘வேண்டாம்’ என்பதே.

கேள்வி: பழைய வண்ணப் படங்கள் ரோஸ் நிறமாகிவிடுவது ஏன்? அதைத் திருத்துவதும் மாற்றம்தானே?

பதில்: திருத்தலாம், அது காலத்தின் சேதம். வண்ண ஃபிலிமில் மூன்று சாயப் படலங்கள். பழைய பிரிண்டுகளில் பெரும்பாலும் சயான் (நீலப்பச்சை) முதலில் மங்கிவிடும், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) நின்றுபிடிக்கும். சயானில் சொச்சம் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் தூக்கிச் சமன்செய்யலாம். தூக்கும்போது படத்தில் புள்ளி இரைச்சலும் சேர்ந்து எழும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் வேறு பிரதி தேட வேண்டும்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. மங்கியதைச் சமன்செய்யும் கை அப்படியே நழுவி, நிழலில் நீலப்பச்சையும் முகத்தில் ஆரஞ்சும் ஏற்றி இன்றைய படம் போல ஆக்கிவிடும். பகலில் எடுத்து, லேபில் இருட்டாக்கி இரவாகக் காட்டிய காட்சிகளில் இன்னொரு பள்ளம். நெகட்டிவில் அது பளிச்சென்ற பகல். நிறம் திருத்துபவருக்கு இது தெரியாவிட்டால், நாயகன் உச்சி வெயிலில் லாந்தர் விளக்கோடு நடந்துகொண்டிருப்பார். அன்றைய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் நிறத்தில் கை வைக்கக் கூடாது.

கேள்வி: 4கே-யில் பறக்கும் காட்சியின் கம்பி அப்பட்டமாகத் தெரிகிறது. அழிக்கலாமா? உங்கள் விதிப்படி அது அன்றும் இருந்ததுதானே?

பதில்: நல்ல கிடுக்கிப்பிடி. கம்பி நெகட்டிவில் இருந்தது, திரையில் இருந்ததா என்பது வேறு. நெகட்டிவிலிருந்து இடைப் பாசிட்டிவ், அதிலிருந்து இடை நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட் என்று இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூர்மை கரையும். கம்பியின் பருமனை அந்தக் கரைசலை நம்பித்தான் தேர்ந்தார்கள். ஒரிஜினல் நெகட்டிவை நேராக ஸ்கேன் செய்யும்போது அன்றைய ரசிகர் பார்க்காததை நாம் பார்க்கிறோம். அப்படிப்பட்ட கம்பியை மங்கச்செய்வதில் தவறில்லை, என்ன செய்தோம் என்று எழுதி வைத்தால் போதும். அதற்காகப் பின்னணியில் அசையும் வரைந்த திரைச்சீலையை எடுத்துவிட்டுக் கணினி மலையை வைப்பது வேறு கதை.

கேள்வி: என் டிவியில் பழைய படமெல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இது சீரமைப்பின் கோளாறா?

பதில்: உங்கள் டிவியின் கோளாறு. இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாத பிரேமை அது கற்பனை செய்து செருகுகிறது. மோஷன் என்று பெயர் வரும் அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: டிவியில் பழைய படம் ஓடும்போது தலை வெட்டுப்படுகிறது. ஏன்?

பதில்: அகலத் திரை வருவதற்கு முன் படச் சட்டகத்தின் அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. இன்றைய டிவி 1.78 மடங்கு. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பார்ப்பவர் கோபித்துக்கொள்வார் என்று மேலும் கீழும் வெட்டி நிரப்புகிறார்கள். உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். சினிமாஸ்கோப் போல 2.39-க்கு நீட்ட நினைத்தால் 43 சதவீதம். நடனக் காட்சியில் முகமும் பாதமும் சேர்ந்து நிற்க அப்புறம் இடமே இருக்காது. வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். கறுப்புப் பட்டையோடு பாருங்கள், படம் முழுதாக இருக்கும்.

கேள்வி: ஒலியைப் பல பக்கத்திலிருந்தும் கேட்கும் 5.1 ஆக்குவதில் என்ன தவறு? பாட்டு இன்னும் நன்றாகத்தானே கேட்கும்?

பதில்: பழைய படத்தின் ஒலி பெரும்பாலும் ஃபிலிம் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த ஒற்றைத் தடம் (மோனோ). வசனம், இசை, ஓசை மூன்றும் ஒன்றாகக் கரைந்திருக்கும். மென்பொருளால் இன்று ஓரளவு பிரிக்க முடிகிறது, ஆனால் பிரித்த குரலில் வயலினின் வால் ஒட்டியிருக்கும். அதை மறைக்கப் புதுத் தாளமும் புதுக் காலடி ஓசையும் சேர்ப்பார்கள். மூலத்தில் மௌனமாக இருந்த இடத்தில் பறவை கத்தும். மௌனத்தையும் ஒருவர் யோசித்துத்தான் வைத்திருப்பார்.

இரைச்சல் நீக்கத்தில் முதலில் பலியாவது ச, ஸ, ஷ. இரைச்சலும் அவையும் ஒரே உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் சேர்ந்தே போகும், வசனம் மூக்கடைத்தது போலக் கேட்கும். பாட்டில் வரிக்கு முன் பாடகர் இழுக்கும் மூச்சு அறுந்தால், அறுத்த இடம் தெரிந்துவிடும்.

கவனிக்க இன்னொன்று: நொடிக்கு 25 பிரேம் காட்டும் டிவிக்காக எடுத்த நாடாக்களில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 165 நிமிடப் படம் ஆறரை நிமிடத்துக்கு மேல் சுருங்கும், பாட்டின் சுருதி அரைச்சுரத்தில் சுமார் 70 சதவீதம் ஏறிவிடும். அந்த நாடாவின் ஒலியைப் புது ஸ்கேனோடு சேர்க்கும்போது வேகத்தைத் திருத்த மறந்தால் உதடு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். 5.1 போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தம் செய்த பழைய மோனோவையும் தனித் தடமாகக் கொடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடலாம் என்கிறார்களே?

பதில்: தெளிவாக்கும், ஆனால் இருந்ததைக் காட்டாது. இருந்திருக்கக்கூடியதைக் கற்பனை செய்து வரையும். அருகில் உள்ள முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. கூட்டத்தில் தூரத்து முகங்களைப் பாருங்கள், கண்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பற்கள் ஒரே வெள்ளைப் பட்டையாக இருக்கும். கடைப் பலகையில் தமிழ் எழுத்து போலவே இருக்கும் எதுவோ இருக்கும், படிக்க வராது.

அதே கருவி இப்போது கதையிலும் கை வைக்கிறது. 2013-ல் வந்த ‘ராஞ்ஜனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ 2025-ல் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு மறுவெளியீடானது. சோக முடிவு சுபமானது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நாயகன் தனுஷும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது தூசியும் இல்லை, கம்பியும் இல்லை, வேறு படம். வேறு பெயரில் விற்பதே நியாயம்.

கேள்வி: இயக்குநருக்கு இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? இயக்குநரே மாற்றினால்?

பதில்: நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க இயக்குநர் ஜான் ஹியூஸ்டனின் 1950-ம் ஆண்டுப் படம் ஒன்றை வண்ணமாக்கி பிரான்ஸில் ஒளிபரப்பியதை எதிர்த்து வாரிசுகள் வழக்காட, 1991-ல் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. ஆனால் திரைப்படத்தைப் பொறுத்தவரை சட்டத்தின் கண்ணில் படைப்பாளி தயாரிப்பாளர். அங்கேதான் இயக்குநர் வழுக்குகிறார்.

இயக்குநரே மாற்றுவது தர்மசங்கடம்தான். பழைய படங்களை மாற்றக் கூடாது என்று 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசிய ஜார்ஜ் லூகாஸ், 1997-ல் தன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் புதுக் காட்சிகளைச் சேர்த்தார். ஸ்பீல்பெர்க் 2002-ல் ‘ஈ.டி.’ படத்தில் காவலர்களின் துப்பாக்கிகளை வாக்கி-டாக்கியாக மாற்றி, பிறகு அதற்கு வருந்தி, 2012 ப்ளூ-ரேயில் மூலத்தையே வெளியிட்டார். படைப்பாளிக்குத் தன் படத்தை மாற்ற உரிமை உண்டு. பார்த்த படத்தை மறுபடி பார்க்கும் வழியை அடைப்பதுதான் உறுத்துகிறது.

கேள்வி: டிஜிட்டல் பிரதி எடுத்தாகிவிட்டால் பழைய ரீல்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் சொல்லாமல் கொள்ளாமல் போகும். கணினித் தகவலைச் சேமிக்கும் எல்டிஓ காந்த நாடா அதைவிட நம்பகமானது, ஆனால் புதிய இயந்திரம் மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முந்தைய நாடாவைத்தான் படிக்கும், ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றிப் பதிய வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் இருக்கும் ஃபிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அந்த ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைந்து வெளிவிடும் அமிலம் பக்கத்து ரீலையும் கெடுக்கும். காற்றுப் புகாமல் மூடினால் அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவு வேகமெடுக்கும்.

கெட்டுப்போன ரீலையும் எறியாதீர்கள். சத்யஜித் ராயின் ‘அபு’ வரிசை மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகின. உபயோகமில்லை என்று தோன்றிய அந்த ரீல்களை எறியாமல் எடுத்து வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, நொறுங்கும் நிலையில் இருந்த ஃபிலிமை இத்தாலியின் போலோக்னா நகரத்து லேபில் ஈரப்பதம் ஏற்றி இளக்கி, துளைகளைக் கையால் ஒட்டி ஸ்கேன் செய்தார்கள். இன்று பார்க்கக் கிடைக்கும் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்து வந்தவை.